சவலைப் பிள்ளையும் அமினோ அமிலமும்

தமிழில் ‘சவலை’ என்றொரு சொல் உண்டு. தாய் மறுபடியும் கருவுற்றதனாலோ, அடுத்த குழந்தை பிறந்துவிட்டதனாலோ, உரிய காலத்துக்கு முன்பே பால்குடி மறக்க நேர்ந்து மெலிந்துபோகும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்பது வழக்கு. “பிள்ளைக்குச் சவலை பாய்ந்துவிட்டது” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். கை கால் வற்றும். வயிறு முன்னுக்கு வரும். பிள்ளை ஓயாது சிணுங்கும். இன்றைய ஆசிரியர்களுள் பலர் இதனை அகராதிச் சொல்லாகவே அறிந்திருப்பர். ஆனால், ஏறக்குறைய இதே பொருளுடன் மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களின் வாயில் வழங்கிய வேறொரு சொல், 1935-ஆம் ஆண்டில் உலக மருத்துவ ஏடுகளில் ஏறியது. ஏறிய நாள்தொட்டு உணவைப் பற்றிய விஞ்ஞானத்தை அது நாற்பது ஆண்டுக் காலம் ஆட்டிவைத்தது. குவாஷியோர்கர் என்பது அச்சொல். அதன் வரலாற்றில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் ஓர் இடம் உண்டு. நீலகிரிக் குன்னூருக்கும் ஓர் இடம் உண்டு. நம் பாட நூல்களில் இரண்டுமே காணப்படாமையால் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அக்ரா நகரத்து அம்மையார்

டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1893-இல் ஜமைக்காத் தீவில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபர்டில் பயின்றவர். 1923-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண் மருத்துவருக்கு வேலை கிடைப்பது அக்காலத்தில் எளிதன்று. காலனி மருத்துவ இலாகாவில் சேர்ந்து 1929-இல் கோல்ட் கோஸ்ட்டுக்கு (இன்றைய கானா) அனுப்பப்பெற்றார். அங்கே ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளிடம் அவர் கண்ட நோய் ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கைகளும் பாதங்களும் நீர்கோத்து வீங்கியிருக்கும். கறுத்த மயிர் செம்பட்டை பாயும். தோல் கருகி உரிந்து வரும். பிள்ளை எதிலும் நாட்டமின்றி முனகிக்கொண்டே கிடக்கும். சிகிச்சை இல்லையேல் சாவுதான். இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்தபோது கல்லீரல் கொழுப்பேறிக் கிடந்தது.

அம்மையார் செய்த சிறந்த காரியம், தாய்மாரிடமே கேட்டது. கா மொழி பேசும் அப்பெண்கள் அதனைக் குவாஷியோர்கர் என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் பறிபோன மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள் என்று அம்மையார் எழுதிவைத்தார். நம் சவலையேதான்! தாயின் மடியை இழந்த அப்பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ மக்காச்சோளக் கூழ் மட்டுமே. 1933-இல் வெளிவந்த முதற் கட்டுரையில், ஏதேனும் ஓர் அமினோ அமிலத்தின் குறையோ, புரதக் குறையோ இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட இயலாது என அவர் மிகவும் அடக்கமாகவே குறித்தார். அவ்வளவுக்கே எதிர்ப்பு எழுந்தது. வெப்ப நாட்டு நோய்களில் பேர்பெற்ற டாக்டர் ஸ்டானஸ் என்பார், இது பழைய பெல்லாக்ராவே அன்றிப் புதிய நோய் அன்று என வாதித்தார். பெல்லாக்ராவும் மக்காச்சோளம் உண்போரிடையே காணப்படுவது, தோலைக் கெடுப்பது. ஆகவே வாதம் வலுவாகவே தோன்றியது. அம்மையார் இரண்டுக்குமுள்ள வேறுபாடுகளை எடுத்துக் காட்டி 1935-இல் ‘லான்செட்’ ஏட்டில் மறுபடி எழுதினார். இம்முறை நோயின் ஆப்பிரிக்கப் பெயரையே தலைப்பிலும் இட்டார். ஏழைத் தாய்மாரின் சொல்லொன்று இலண்டன் மருத்துவ ஏட்டின் தலைப்பாயிற்று என்பதைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

மக்காச்சோளத்தில் இல்லாதது

மக்காச்சோளத்தில் புரதமே இல்லை என எண்ணிவிடலாகாது. இருக்கிறது, ஆனால் ஒருவகையில் ஊனமுற்ற புரதம். புரதங்கள் யாவும் ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டு அமைவன. பழைய அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோப்பாளர் ஈய எழுத்துக்களை அறைகளிலிருந்து பொறுக்கிக் கோத்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அறையில் ‘ழ’ தீர்ந்துபோயிற்று எனில், ‘த’வும் ‘மி’யும் குவிந்துகிடந்தாலும் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கோக்க முடியாது. உடலிலும் அப்படியே. ஓர் அமினோ அமிலம் குறைந்தால் அது வேண்டப்படும் புரதம் எதுவும் நிறைவாக அமையாது. அச்சுக்கூடத்துக்கும் உடலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கோக்கப்படாத ஈய எழுத்தை அறையிலேயே போட்டு வைக்கலாம். உடல் அமினோ அமிலத்தை அவ்வாறு நெடுநாள் சேமித்து வைக்காது. எஞ்சியதை எரித்து, அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் கழித்துவிடும்.

இதனை முதலில் சுண்டெலிகள் சொல்லிக்கொடுத்தன. கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்பாரும் அவருடைய துணைவரும் மக்காச்சோளத்தின் முக்கியப் புரதமாகிய ஸெயினை மட்டுமே புரதமாகக் கொடுத்துச் சுண்டெலிகளை வளர்த்தபோது அவை விரைவில் மடிந்தன. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தபோது கூடுதலான நாள் உயிர்வாழ்ந்தன. இது 1906-இல். அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் இருவரும் 1914-இல் இன்னும் ஒரு படி சென்றனர். ஸெயினோடு டிரிப்டோஃபான் சேர்த்தால் எலியின் எடை குறையாது நின்றது. லைசின் என்பதையும் சேர்த்தால்தான் அது வளர்ந்தது. உயிரோடிருப்பதும் வளர்வதும் வெவ்வேறு என்பது அன்று சோதனையில் தெரிந்தது. பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரோஸ் 1935-இல் திரியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டார். உடல் தானாகச் செய்துகொள்ள இயலாதவை எவை எனத் தம் மாணவர்களையே உண்பித்துக் கணக்கிட்டு, வளர்ந்த மனிதர்க்கு எட்டு என்றும் அவர் சொன்னார். குழந்தைகளுக்கு ஹிஸ்டிடினும் வேண்டும் என்பது பின்னர் உறுதியாயிற்று.

எனவே 1935-இல் அக்ராவில் ஒரு மருத்துவரும் இல்லினாயில் ஒரு வேதியியலாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வினாவின் இரு முனைகளைப் பிடித்திருந்தனர் எனலாம்.

சிங்கப்பூரில் ஓர் உரை

மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாத அம்மையார் 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பெற்றார். சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். இங்கே அவர் கண்டது வேறு வகைக் கொடுமை. இனிப்பிட்ட டின் பாலை நல்ல குழந்தை உணவு என விளம்பரம் செய்து விற்றுவந்தனர். செவிலியர்போல் உடையணிந்த பெண்கள் புதிதாகப் பிள்ளைபெற்ற தாய்மாரிடம் சென்று அதனைப் பரிந்துரைத்தனர். தாய்ப்பால் வற்றிய பிறகு டின் பால் வாங்கப் பணமிராது; ஒரு கரண்டிப் பாலை மூன்று மடங்கு நீரில் கரைப்பர்; நீரும் சுத்தமிராது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அம்மையார் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். குழந்தை உணவைப் பற்றிய பொய்ப் பிரசாரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருத வேண்டும் என்றும், அதனால் நேரும் மரணங்களைக் கொலையாகவே கொள்ள வேண்டும் என்றும் அங்கே நேருக்கு நேராகச் சொன்னார். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை குறித்து உலக சுகாதார நிறுவனம் விதிமுறைகளை ஏற்றது 1981-இல்தான். இடையில் சென்றவை நாற்பத்திரண்டு ஆண்டுகள்.

டின் பால் தோட்டங்களுக்கும் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். நடுப்பகல் வரை பிள்ளைக்குக் கிடைத்தது கஞ்சியும், சீனி கலந்த டின் பால் நீரும். எங்கள் பகுதியில் முதிய பெண்களிடம் நான் கேட்டறிந்தவரை, இதை வறுமை என்று அவர்கள் எண்ணவில்லை. நாகரிகம் என்றே எண்ணினர். டின்னின் மேலிருந்த கொழுத்த குழந்தையின் படத்தை அவர்கள் இன்றும் மறக்கவில்லை.

நிற்க. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது அம்மையார் திரங்கானுவில் பணியிலிருந்தார். அங்கிருந்து தப்பிச் சிங்கப்பூரை அடைந்தார். சிங்கப்பூர் வீழ்ந்ததும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பெற்றார். பெண்கள் முகாமின் தலைவியாகவும் இருந்தார். ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைச் சில மாதங்கள் தனியே கொண்டுபோய் விசாரணைக் கொட்டடியில் வைத்திருந்தனர். பசியும் பெரிபெரியும் நிறைந்த அந்த முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன. இருபதும் பிழைத்தன என்று அம்மையார் பிற்காலத்தில் சொல்வதுண்டு. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் தன் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக அவரையே அமர்த்தியது. 1992-இல், தொண்ணூற்றெட்டு வயதில், அவர் மறைந்தார்.

திசுக்களில் நடப்பது என்ன?

போருக்குப் பின் குவாஷியோர்கர் உலகப் பிரச்சினையாயிற்று. பிராக், ஒத்ரே என்னும் இருவர் ஆப்பிரிக்க நாடுகளில் சுற்றி ஆய்ந்து எழுதிய அறிக்கை 1952-இல் வெளிவந்தது. சென்றவிடமெல்லாம் நோய் இருந்தது. இடத்துக்கு இடம் பெயர்தான் வேறு. 1950-களின் நடுவில் பிராக்கும் அவருடைய கேப் டவுன் குழுவினரும் துணிந்து ஒரு சோதனை செய்தனர். பாலே கொடாமல், தூய அமினோ அமிலக் கலவையையும் குளுக்கோஸையும் மட்டும் நோயுற்ற குழந்தைகளுக்கு ஊட்டினர். வீக்கம் வடியத் தொடங்கியது, தோலும் தேறியது. இருபது ஆண்டுகளுக்கு முன் அம்மையார் ஒதுக்க மறுத்த ஐயம் உறுதியாகிவிட்டது என்றே எல்லாரும் கொண்டனர். அது முழுவதும் சரியன்று என்பது பின்னர் வந்தது. அதற்கு முன், உடலுக்குள் நடப்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

நம் உடலிலுள்ள புரதம் கட்டி முடித்த வீடுபோல் நிற்பது என்றுதான் முன்பு கருதினர். ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்குப் புலம்பெயர்ந்த ஷோன்ஹைமர் என்பார் 1930-களில் அதனை மாற்றினார். எடை கூடிய நைட்ரஜனை அடையாளமாக வைத்த அமினோ அமிலங்களை எலிகளுக்கு ஊட்டினார். அவை அன்றன்றே கழிந்துபோகாமல் தசையிலும் கல்லீரலிலும் குடலிலும் புகுந்து, அங்கிருந்த பழையவற்றை வெளியேற்றி இடம்பிடித்தன. உடல் ஓயாது இடிக்கப்பட்டு ஓயாது கட்டப்படும் வீடு எனத் தெரிந்தது. வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு எழுபது கிராம் புரதம் உண்கிறார் எனில், அவருடலில் அன்று புதிதாகக் கட்டப்படும் புரதம் ஏறத்தாழ முந்நூறு கிராம். மீதியெல்லாம் இடித்த கல்லையே மறுபடி வைத்துக் கட்டுவது. வறுமையுற்ற உடல் பிழைத்திருக்கும் இரகசியம் இந்த மறுபயனில்தான் அடங்கியிருக்கிறது.

புரதம் குறைந்த குழந்தையின் உடலில் இது எப்படி மாறுகிறது என்பதை ஜமைக்காவில் ஆராய்ந்தவர் டாக்டர் ஜான் வாட்டர்லோ. அம்மையார் பிறந்த தீவிலேயே இந்த ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது ஒரு பொருத்தம். முதலில் உடல் சிக்கனம் பிடிக்கிறது. அமினோ அமிலங்களை எரித்து யூரியாவாக்கும் கல்லீரல் நொதிகள் தாழ்கின்றன. அமினோ அமிலங்களைப் புரதமாகக் கோக்க ஆயத்தம் செய்யும் நொதிகளோ கூடுகின்றன. சிறுநீரில் யூரியா குறைந்துவிடுகிறது. கிடைத்ததை எரிக்காதே, கட்டு என்பது இங்கே கட்டளை. அடுத்து, திசுக்களுக்குள் ஒரு பங்கீடு நடைபெறுகிறது. தசை தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அங்கே புதிய புரதம் கட்டப்படுவது குறைகிறது. வெளியேறும் அமினோ அமிலங்கள் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குச் சென்று, உயிருக்கு இன்றியமையாத புரதங்களாகின்றன. மூளை கூடியவரை காக்கப்படுகிறது. எலும்பும் தோலுமாய் வற்றிப்போன குழந்தை, தன் தசையைத் தானே உண்டு தன்னைக் காத்துக்கொண்ட குழந்தை. அவ்வற்றல் நோய்க்கு மராஸ்மஸ் என்று பெயர்.

குவாஷியோர்கர் குழந்தையின் இரத்தமோ வேறு கதை சொல்லியது. உகாண்டாவின் கம்பாலா நகரில் வைட்ஹெட் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் ஓர் எளிய சோதனையை வகுத்தார். விரல் நுனியில் எடுத்த சிறிதளவு இரத்தம் போதும். அதிலுள்ள அமினோ அமிலங்களை வடிதாளில் ஊறவிட்டுப் பிரித்தார். கிளைசின், செரின், குளூட்டமின், டாரின் என, உடல் தானே செய்துகொள்ளக் கூடியவை ஒரு பக்கம். லூசின், ஐசோலூசின், வாலின், மெத்தியோனின் எனச் செய்துகொள்ள முடியாதவை மறுபக்கம். இரண்டுக்குமுள்ள விகிதம் நலமுள்ள குழந்தைக்கு இரண்டுக்குக் கீழ் இருந்தது. நோய் வெளிப்பட்ட குழந்தைக்கு மூன்றரைக்கு மேல் சென்றது. இடைப்பட்ட குழந்தைகள் பார்வைக்கு நலமாகவே இருந்தனர். அவர்களிடம் நோய் ஒளிந்திருக்கிறது என வைட்ஹெட் கருதினார். மராஸ்மஸ் குழந்தைகளிடம் இவ்விகிதம் பெரிதாக மாறவில்லை.

இன்னொன்றும் புலப்பட்டது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தைரோசினாக மாற்றும் வேலை அக்குழந்தைகளில் தளர்ந்திருந்தது. மயிருக்கும் தோலுக்கும் கருமை தரும் மெலனின் தைரோசினிலிருந்தே செய்யப்படுவது. செம்பட்டை மயிருக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கூறப்பட்டது. சில குழந்தைகளின் நீண்ட மயிரில் கருமையும் வெளிர் நிறமும் மாறிமாறிப் பட்டை பட்டையாக இருக்கும். எந்தெந்த மாதங்களில் வீட்டில் உணவு இருந்தது, எந்தெந்த மாதங்களில் இல்லை என்பதை அம்மயிரிலேயே படித்துவிடலாம்.

இவற்றையெல்லாம் இணைத்து ஓர் அழகிய விளக்கமும் எழுந்தது. மாவுச்சத்து மட்டும் வயிறு நிறையக் கிடைத்தால் இன்சுலின் சுரக்கும்; அது இருக்கும் சிறிது அமினோ அமிலத்தையும் தசைக்குள் தள்ளிவிடும்; கல்லீரல் வெறுங்கையாய் நிற்கும். இரத்த நீரைக் குழாய்க்குள் நிறுத்திவைக்கும் ஆல்புமினையும், கொழுப்பைக் கல்லீரலிலிருந்து சுமந்து செல்லும் புரதத்தையும் அதனால் செய்ய இயலாது. ஆகவே உடல் வீங்கும். கல்லீரலில் கொழுப்புத் தேங்கும். எல்லா உணவும் குறைந்த குழந்தைக்கு இன்சுலின் சுரப்பது குறைவு. தசை கரைந்து கல்லீரலுக்கு உதவும். ஆதலின் அது வற்றுமேயன்றி வீங்காது. வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவதற்கு இதைவிடச் செவ்விய பாடம் கிடையாது. பாடம் செவ்வியதாக இருப்பதனாலேயே உண்மையாகிவிடாது என்பதைக் காட்டியவர்களுள் ஒருவர், தமிழ் மண்ணில் பிறந்தவர்.

குன்னூரில் எழுந்த வினா

குன்னூரில் டாக்டர் மெக்காரிசன் 1918-இல் பெரிபெரி ஆராய்ச்சிக்கெனத் தொடங்கிய சிறு கூடம், பின்னாளில் உணவாராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பெற்றது. சேலத்தில் 1918-இல் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் கோபாலன் அங்கே ஆராய்ச்சியாளராகி, பின்னர் அதன் தலைவரானார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2019-இல் மறைந்தார். அவர் கேட்ட வினா மிகவும் எளியது. குவாஷியோர்கர் வந்த குழந்தை முன்பு உண்டது என்ன? மராஸ்மஸ் வந்த குழந்தை உண்டது என்ன? கிராமங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்ததில், இருவர் உண்டதும் ஒன்றே எனக் கண்டார். ஒன்றில் புரதக் குறை, மற்றதில் மொத்த உணவுக் குறை என்ற பிரிவினை உண்ணும் தட்டில் காணப்படவில்லை. ஒரே பட்டினிக்கு ஓர் உடல் தன்னைப் பொருத்திக்கொண்டு வற்றுகிறது. மற்றோர் உடல் பொருத்திக்கொள்ள முடியாமல் உடைந்து வீங்குகிறது என்று 1968-இல் வெளியான ஆய்வுரையில் அவர் வாதித்தார். மேலும், இந்திய ஏழைக் குழந்தைகள் உண்ணும் சோறும் பருப்பும் போதிய அளவு வயிற்றை எட்டுமானால் புரதக் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

இது வெறும் ஆராய்ச்சிக் கூடத்துத் தகராறு அன்று. பெரும்பணம் இதில் கட்டுண்டிருந்தது. உலகில் புரதப் பஞ்சம் வரப்போகிறது என ஐக்கிய நாடுகள் நிறுவனம் அதே 1968-இல்தான் எச்சரித்தது. அதற்கு முன்பே பால் மாவும் மீன் மாவும் எண்ணெய் வித்துப் புண்ணாக்கு மாவும் குழந்தை உணவாக வடிவெடுத்துக்கொண்டிருந்தன. சோறு போதாத குழந்தைக்குப் புரத மாவு மட்டும் கொடுத்தால், உடல் அதனைக் கட்டுவதற்குப் பயன்படுத்தாது. பசிக்கு விறகாக எரித்துவிடும். தேக்கு மரத்தை அடுப்பெரிப்பதற்கு ஒப்பானது இது. 1974-இல் டாக்டர் மெக்லாரன் ‘லான்செட்’ ஏட்டில் இம்முயற்சி முழுவதையும் மாபெரும் புரதத் தோல்வி என்று பெயரிட்டே கண்டித்தார். மறு ஆண்டு வாட்டர்லோவும் ஏறக்குறைய அதே பக்கம் வந்து சேர்ந்தார். தம் வாழ்நாள் ஆராய்ச்சியைத் தாமே மறு ஆய்வு செய்யும் நேர்மை விஞ்ஞானிகளில் சிலருக்கே வாய்க்கும். வாட்டர்லோவிடம் எனக்குள்ள மதிப்பு அதனால் பெருகியதேயன்றிக் குறையவில்லை.

பிறகு அதே ஜமைக்காக் கூடத்தில் டாக்டர் கோல்டன் என்பார் வேறொரு தூணையும் அசைத்தார். சிகிச்சையில் குழந்தையின் வீக்கம், ஆல்புமின் உயருமுன்பே வடிந்துவிடுவதை 1980-இல் காட்டினார். புரதம் மிகக் குறைந்த உணவிலும் வீக்கம் வடிந்தது. எனில் ஆல்புமின் குறைவே வீக்கத்துக்குக் காரணம் என்ற கதை என்னாவது? தொற்றுநோய்களாலும் பிறவற்றாலும் உடலில் எழும் அழிவுத் துகள்களைத் தடுக்கும் சக்தி அக்குழந்தைகளிடம் இல்லை என்பது கோல்டனின் மறுமொழி. இங்கேதான் அமினோ அமிலம் வேறொரு வாசல் வழியாகத் திரும்பவும் உள்ளே வருகிறது. அவ்வழிவைத் தடுக்கும் குளூட்டதையோன் என்ற பொருள் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் கந்தகம் கொண்ட சிஸ்டீன் முதன்மையானது. வீங்கிய குழந்தைகளில் குளூட்டதையோன் உண்டாகும் வேகம் குறைந்திருப்பதையும், சிஸ்டீனைக் கொடுத்தால் அது விரைவில் மீள்வதையும் ஜமைக்காவில் ஆராய்ந்தோர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து காட்டினர். சரி, தீர்வு கண்டாயிற்று என எண்ணிய வேளையில், மாலாவி நாட்டில் குழந்தைகளுக்கு இத்தகைய காப்புப் பொருள்களை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தனர். நோய் வருவது குறையவில்லை என 2005-இல் முடிவு வெளியாயிற்று. ஒரே வீட்டில் ஒரே உணவு உண்ட இரட்டையருள் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராத குவாஷியோர்கரை அதே நாட்டில் ஆராய்ந்தவர்கள், குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று 2013-இல் எழுதினர். கோபாலன் தட்டில் காணாத வேறுபாட்டை இன்று குடலில் தேடுகிறார்கள்.

இவ்வளவு சர்ச்சைக்கிடையே சிகிச்சை மட்டும் நன்றாகத் தேறிவிட்டது. அதற்கு அடிப்படை, முன்சொன்ன கல்லீரலின் சிக்கனம்தான். யூரியா செய்யும் நொதிகளைத் தாழ்த்திக்கொண்ட கல்லீரலுக்கு முதல் நாளே புரதத்தைக் கொட்டினால் அது தாங்காது. ஆகவே இன்று முதலில் கொடுக்கப்படும் பாலுணவில் நூறு மில்லி லிட்டருக்கு 75 கலோரியும் ஒரு கிராமுக்கும் குறைந்த புரதமுமே இருக்கும். சில நாள்களில் வீக்கம் வடியத் தொடங்கிப் பிள்ளைக்குப் பசி திரும்பிய பின்னரே 100 கலோரியும் ஏறத்தாழ மூன்று கிராம் புரதமும் உள்ள பாலுக்கு மாற்றுவர். நிலக்கடலையும் பால் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பசை போன்ற உணவை 1990-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டு டாக்டர் பிரியாண் உருவாக்கிய பிறகு, நோய் கடுமையாகாத பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துத் தேற்றவும் முடிகிறது. பசி திரும்புவதே முதற் குணம் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த செய்தி.

வீங்கிய குழந்தையை நம் நாட்டு ஆசிரியர்கள் இன்று காண்பது அரிது. ஆனால் அமினோ அமிலக் கணக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. வயதுக்குரிய உயரம் எட்டாத மாலாவிக் குழந்தைகளின் இரத்தத்தில், இன்றியமையாத அமினோ அமிலங்கள் ஒன்பதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்திருந்தன என 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. லைசினும் டிரிப்டோஃபானும் இல்லாவிடில் எலி வளராது என்ற 1914-ஆம் ஆண்டுச் சோதனை நினைவுக்கு வருகிறது. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர் எனக் கண்டது. ஐந்தில் ஒருவருக்கும் மேல் என்பதைப் படித்தபோது, இவ்வளவு அரிசியும் சீனியும் மலிந்த நாட்டிலா என்று முதலில் நம்ப முடியவில்லை. முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளின் உயரத்தை நாம் பதிவேட்டில் எழுதுகிறோம், எழுதியதும் மூடிவைத்துவிடுகிறோம். எங்கள் பள்ளியின் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மூத்த அண்ணன் தம்பிமாரின் உயரங்களையும், ஓராண்டு இடைவெளியில் பிறந்தோர், மூன்றாண்டு இடைவெளியில் பிறந்தோர் உயரங்களையும் தனித்தனியே கணக்கெடுத்து வருகிறேன். மற்றப் பள்ளிகளிலும் இதனைச் செய்வோர் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சவலை என்ற சொல்லுக்கு ஈடாகத் தோட்டங்களில் வேறு சொற்கள் வழங்கினவா என்பதையும் அறிய விரும்புகிறேன். மாந்தம், கணை, தோஷம் என்ற மூன்றையும் முதியோர் ஒன்றோடொன்று கலந்தே பேசுகின்றனர். அவற்றுள் எது வற்றலைக் குறிக்கும், எது வீக்கத்தைக் குறிக்கும் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உள்ளது. தத்தம் பகுதியில் வழங்கும் சொல்லையும் பொருளையும் ஆசிரியத் தோழர்கள் இப்பகுதிக்கு எழுதியனுப்பினால், அவற்றைத் தொகுத்து வேறொரு கட்டுரையாகத் தர எண்ணம்.